எடை குறைக்கும் விரதமும் நம் நோன்பும்



"ஹஜ்ரத், எடை குறைக்க தினமும் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கிறேன். அதையே நோன்பு என்று நிய்யத் வைத்துக்கொண்டால் நன்மை கிடைக்குமா?" விருதுநகர், சிவகாசிப் பக்கத்து மஹல்லாக்களில் இளைஞர்களும் நடுவயதுப் பெண்களும் இப்போது ஆலிம்களிடம் இப்படிக் கேட்கிறார்கள். கேள்வி சிறியதுதான். ஆனால் இதற்குள் மார்க்கம், மருத்துவம், வீட்டுச் செலவு என்று மூன்றும் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

மார்க்கத்தின் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்பதில் தண்ணீர் குடிக்கலாம், சர்க்கரை இல்லாத டீ, காபி குடிக்கலாம். நோன்பு என்பது ஃபஜ்ர் முதல் மக்ரிப் வரை ஒரு மிடறு தண்ணீரும் இல்லாமல், அல்லாஹ்வுக்காக என்ற நிய்யத்துடன் இருப்பது. காலை 7 மணிக்கு வெறும் காபி குடித்தவர் பகல் முழுதும் பட்டினி கிடந்தாலும் அது நோன்பாகாது. அவர் உணவைத் தள்ளிப்போட்டிருக்கிறார், அவ்வளவே. அதில் தவறும் இல்லை.

சரி, முறைப்படி திங்கள், வியாழன் ஸுன்னத் நோன்பு வைக்கிறார், கூடவே எடையும் குறையட்டும் என்று நினைக்கிறார். அது செல்லுமா? நம் முன்னோர் இதை எப்போதோ பேசிவிட்டார்கள். இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் 'அல்அஷ்பாஹ் வன்னழாயிர்' நூலில், நோன்போடு உணவுக் கட்டுப்பாட்டையோ சிகிச்சையையோ சேர்த்து நிய்யத் வைப்பவரின் நிலையை, ஒளுச் செய்யும்போது உடலைக் குளிர்விக்கவும் எண்ணுபவரின் நிலையோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அந்த ஒளு செல்லும் என்பதே வலுவான சொல். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் இதே உதாரணத்தை இக்லாஸ் பற்றிய பாடத்தில் வைக்கிறார்கள்: எந்த எண்ணம் மேலோங்கி நிற்கிறதோ அதைப் பொறுத்தே கூலி. ஆக, நோன்பு செல்லும். நன்மையின் அளவை அவரவர் உள்ளம்தான் அறியும்.

இந்த இடத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் இரண்டு செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோன்பு வைத்தால் ஆரோக்கியம் பெறலாம் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் பரவுகிறது. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். மற்றொன்று, நோன்பின் நன்மையைக் கண்டுபிடித்த ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசு கிடைத்தது என்பது. யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவ நோபல் கிடைத்தது உண்மை. அவர் ஆராய்ந்தது ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் செல்களை. உணவு கிடைக்காத செல், தன் கழிவுகளைத் தானே உடைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்வது எப்படி, எந்த மரபணுக்கள் அதைச் செய்கின்றன என்று கண்டார். ரமலான் நோன்பை அவர் ஆராயவில்லை. ஃபர்ளான ஒரு வணக்கத்துக்கு நாம் நோபல் சான்றிதழ் தேடி அலைவதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

தமிழில் பேலியோ வந்த கதை

மாவுச்சத்தைக் குறைத்து எடை குறைப்பது புதிய யோசனை அல்ல. லண்டனில் சவ அடக்க ஏற்பாட்டாளராக இருந்த வில்லியம் பேன்டிங், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விட்டு எடை குறைந்த தன் அனுபவத்தை 1863இல் சிறு பிரசுரமாக வெளியிட்டார். லோரன் கார்டெய்ன் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் பேலியோ நூல் 2002இல் வந்தது. விவசாயம் வருவதற்கு முந்தைய மனிதன் உண்டதையே உண்போம் என்பது அதன் வாதம்.

நம் வீடுகளுக்குள் இதைக் கொண்டுவந்தது நியாண்டர் செல்வன் என்ற பெயரில் எழுதுபவரும், அவர் தொடங்கிய 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்ற ஃபேஸ்புக் குழுவும்தான். லட்சக்கணக்கான தமிழர்கள் அதில் சேர்ந்தார்கள். காலையில் 100 பாதாம் அல்லது பட்டர் டீ, மதியம் முட்டையும் காய்கறியும், இரவு இறைச்சி என்ற பட்டியல் ஊர் ஊராகப் பரவியது. கார்டெய்னின் பேலியோவில் பாலுக்கு இடமில்லை. தமிழ்ப் பேலியோவில் பனீர், வெண்ணெய், நெய் எல்லாம் உண்டு. சைவக்காரர்களையும் சேர்க்க வேண்டுமே! அந்தக் குழுவில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வந்தால்தான் உணவுப் பட்டியல் தருவார்கள். இன்று யூடியூபில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மறுநாளே தொடங்குகிறவர்கள் விட்டுவிட்டது அந்த ஒன்றைத்தான்.

எடை ஏன் குறைகிறது?

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். நம் கல்லீரலும் தசையும் மாவுச்சத்தை கிளைகோஜன் என்ற வடிவில் 400, 500 கிராம் வரை சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் சிறுநீராக வெளியேறுகிறது. ஒரு நாள் பிரியாணி சாப்பிட்டால் அந்த எடை திரும்பி வருவதும் இதனால்தான். பயப்பட வேண்டாம், அது கொழுப்பு அல்ல.

அதன் பிறகு மெதுவாகக் குறைவதே உண்மையான குறைவு. முட்டை, இறைச்சி, பயறு தரும் புரதம் பசியை நெடுநேரம் அடக்கும். பசி அடங்கினால் தட்டு சிறிதாகும். ரகசியம் இவ்வளவுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மாவுச்சத்தையும் மற்றதற்குக் கொழுப்பையும் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து முதல் பிரிவு சராசரியாக 6 கிலோவும் இரண்டாம் பிரிவு 5.3 கிலோவும் குறைந்திருந்தன. பெரிய வித்தியாசம் இல்லை என்று 2018இல் முடிவை வெளியிட்டார்கள்.

நேரக் கட்டுப்பாடும் அப்படித்தான். சீனாவின் குவாங்ஜோவில் உடல் பருமன் உள்ள 139 பேருக்கு ஒரே அளவில் உணவைக் குறைத்து, பாதிப் பேரை மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிடச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் 8 கிலோவும் மற்றவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வும், கடிகாரத்தால் தனிப் பலன் இருப்பதாக நிரூபணம் ஆகவில்லை என்றே சொன்னது. இரவு பத்து மணிப் பரோட்டாவை விட்டுவிட உதவுமானால் கடிகாரம் நல்லதுதான். 16 மணி நேரம் பட்டினி கிடந்துவிட்டு, மிச்ச 8 மணி நேரத்தில் வட்டியும் முதலுமாகச் சாப்பிட்டால் எதுவும் குறையாது.

இதற்கு நாமே சாட்சி. ரமலானில் ஒரு மாதம் பகல் முழுக்க உண்பதில்லை. பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, ரமலானில் சராசரியாகக் குறைவது சுமார் 1.2 கிலோ என்றும், பெருநாள் முடிந்து இரண்டு வாரத்தில் அதில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது என்றும் கண்டது. வடை, சமோசா, நோன்புக் கஞ்சி, பிறகு தராவீஹ் முடிந்து ஒரு சாப்பாடு என்று இருந்தால் வேறு என்ன ஆகும்?

நம் தட்டில் இருப்பது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு, நாம் பெறும் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது. அதே ஆய்வுக் குழு 2023இல் வெளியிட்ட கணக்கில் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவர். மாவுச்சத்தை 50, 55 சதவீதத்துக்கு இறக்கி, புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு ஏற்றினாலே, புதிதாகச் சர்க்கரை வந்த பலர் அதிலிருந்து மீள வாய்ப்பு உண்டு என்றும் அவர்கள் 2022இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். கவனியுங்கள்: சோற்றை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை. இதைச் செய்ய பாதாமும் அவகேடோவும் தேவையில்லை.

நம் வட்டாரத்தின் புகழ் எல்லாம் தின்பண்டத்தில்தான் இருக்கிறது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா, சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. ஒரு பரோட்டாவுக்கு 50 கிராம் மைதா என்று வைத்துக்கொண்டால், அதில் 35 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. அதை எண்ணெயில் பொரித்து, மூன்று வைத்து, சால்னா ஊற்றினால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மதியச் சோறும் அப்படியே. 150 கிராம் அரிசி வடித்த சோற்றில் சுமார் 115 கிராம் மாவுச்சத்து இருக்கும். நம் தட்டில் சோறு மலையாகவும் கறி இரண்டு துண்டாகவும் இருக்கிறது. இதைச் சற்றே திருப்பிப் போட வேண்டும்: சோறு ஒரு கிண்ணம், பருப்பும் காயும் இரண்டு கிண்ணம், ஒரு முட்டையோ மீனோ கறியோ.

சிலர் அரிசிக்குப் பதில் குதிரைவாலிக்கு மாறிவிட்டு, இனி எவ்வளவும் சாப்பிடலாம் என்கிறார்கள். நம் மாவட்டத்து மானாவாரிக் காடுகளில் விளையும் நல்ல தானியம் அது. நார்ச்சத்து அதிகம். ஆனாலும் 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். அளவு குறையாமல் அரிசி மட்டும் மாறினால் எடை மாறாது.

செலவைப் பற்றியும் பேச வேண்டும். தினமும் 100 பாதாம் என்பது தினக்கூலிக் குடும்பத்துக்கு ஆகிற காரியமா? பருப்பு வியாபாரத்துக்குப் பெயர் போன விருதுநகரில் இருந்துகொண்டு நாம் புரதத்துக்கு அலைய வேண்டாம். தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, பாசிப்பயறு 100 கிராமில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. மாவுச்சத்தும் உண்டு, ஆனால் மெதுவாகவே செரிக்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். வேகவைத்த நிலக்கடலை ஒரு கை. முதலில் நிறுத்த வேண்டியது டீக்கடைச் சர்க்கரையையும் கூல் டிரிங்க்ஸையும். அதனால் செலவும் குறையும்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதைத் திர்மிதியில் காண்கிறோம். வலீமா மேடைகளில் இதைச் சொல்லிவிட்டு, கீழே இறங்கி மறுசோறு வாங்கும் கூட்டத்தில் ஆலிம்களாகிய நாங்களும் உண்டு. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை என்பது நம் உடல்வாகுக்கான மருத்துவ அளவு. ஒரு தையல் டேப் போதும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள்

இதுவரை சொன்னதை ஒருவர் பின்பற்றாவிட்டால் எடை குறையாது, அவ்வளவுதான். இனிச் சொல்வதைக் கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரை எடுப்பவரும் திடீரென்று சோற்றை நிறுத்தினாலோ, 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலோ, மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். உள்ளே சர்க்கரை வராது. அளவு 70க்குக் கீழே போனால் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல், பேச்சுத் தடுமாற்றம், பிறகு மயக்கம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற புதிய வகை மாத்திரைகளில் வேறு சிக்கல். அவற்றோடு மாவுச்சத்தையும் அடியோடு நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறலாம். அப்போது சர்க்கரை அளவு ஏறக்குறைய சரியாகவே காட்டுவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு உப்பும் நீரும் வெளியேறி அழுத்தம் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

இதை நம் வட்டாரத்தில் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பட்டாசு ஆலையின் மருந்து அறையில் பொறி பறந்துவிடும் என்ற பயத்தால் மின்விசிறி இருக்காது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதியே உண்டு. உராய்வு ஒன்றே விபத்துக்குப் போதும் என்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். கை நடுங்கக் கூடாத இடம் அது. சர்க்கரை இறங்கும்போது முதலில் தெரிவது வியர்வை. சித்திரை, வைகாசி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே யார்தான் வியர்க்காமல் இருக்கிறார்கள்? வெக்கை என்று நினைத்துக்கொண்டே வேலையைத் தொடர்வார்கள். ஆகவே மருந்து கலக்குபவர், மருந்து அடைப்பவர், அச்சகத்தில் வெட்டும் எந்திரத்தில் நிற்பவர், லாரி ஓட்டுபவர் ஆகியோர் மாத்திரை எடுப்பவராக இருந்தால், காலைச் சாப்பாட்டை விடும் முறையைச் சொந்தமாகத் தொடங்கவே கூடாது. பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். அறிகுறி தெரிந்ததும் வேலையை விட்டு வெளியே வந்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் உட்கார வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108க்கு அழையுங்கள்.

இதே எச்சரிக்கை ரமலானுக்கும் பொருந்தும். சர்க்கரை நோயாளிகளின் நோன்பு பற்றி உலக அளவில் மருத்துவர்கள் வகுத்த வழிகாட்டுதல், அளவு 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் நோன்பை முறித்துவிடச் சொல்கிறது. விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. நோயாளிக்கும் பயணிக்கும் அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ்வே சலுகை தந்திருக்க, மயங்கி விழும் வரை பிடிவாதம் பிடிப்பதைத் தக்வா என்று எண்ண வேண்டாம். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னதும், நபி (ஸல்) அவர்கள் அதை உண்மை என்று ஏற்றதும் புகாரியில் இருக்கிறது. இரவிலும் உண்ணாமல் நோன்பைத் தொடரும் 'விஸால்' தடுக்கப்பட்டதும் தெரிந்ததே. மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடிக்கும் புதுப் பழக்கத்தைப் பற்றிக் கேட்கும் இளைஞர்களுக்கு நான் இதைத்தான் நினைவூட்டுவேன்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வளரும் பிள்ளைகள் இந்த முறைகள் எதையும் தாமாகத் தொடங்கக் கூடாது. மற்றவர்கள் தொடங்குவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளலாம், காசு இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்கள், கொண்டுவரும் ஊழியரிடம் விஷயத்தைச் சொல்லி, மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்லலாம். மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். சோறு குறையும்போது மருந்தின் அளவும் குறைய வேண்டியிருக்கும். அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. எடைக்காக மாதக்கணக்கில் காலை உணவை விடும் பலருக்கு, மாதவிடாய் நாட்களில் விட்ட ரமலான் நோன்புகள் களாவாக நிற்கின்றன. 16 மணி நேரம் தாங்கும் உடலுக்கு அந்தக் களாவும் முடியும். ஸஹரில் இரண்டு முட்டையும் கொஞ்சம் சுண்டலும், இஃப்தாரில் பேரீச்சம்பழம் ஒன்றும், பொரித்தது இல்லாத சாப்பாடும் போதும். வாரத்துக்கு இரண்டு நாள் வைத்தால் ஒரு மாதத்துக் களா முடிந்துவிடும். ஷாஃபி மத்ஹபில், தக்க காரணமின்றி அடுத்த ரமலான் வரை தள்ளிப்போட்டால் களாவோடு நாள் ஒன்றுக்கு ஒரு 'முத்' அளவு தானியமும் ஏழைக்குக் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் களா மட்டும் போதும்.